பழைய லேப்டாப்பில் வீட்டு சர்வர்: எந்த லினக்ஸ் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. மேசை மேல் இருக்கிற இந்த லேப்டாப்பைப் பாருங்கள். 2014-இல் வாங்கியது, 4 ஜிபி ரேம், கீபோர்டில் இரண்டு பட்டன் இல்லை. இன்றிலிருந்து இதுதான் எங்கள் வீட்டு சர்வர். குடும்பப் படங்களுக்கு சம்பா, டிவியில் படம் பார்க்க ஜெல்லிஃபின், விளம்பரத்தைத் தடுக்க பை-ஹோல். இவ்வளவுக்கு இந்த மெஷினே தாராளம்.

சரி, இதில் எந்த லினக்ஸ்? நான் போடப்போவது டெபியன் 13.

வீட்டு சர்வரை அலமாரி மேல் ஏற்றிவிட்டால் மாதக்கணக்கில் அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம். முன்பு ஒரு ரோலிங் வகை லினக்ஸ் வைத்திருந்தேன். எல்லாமே எப்போதும் புதுப் பதிப்பு, ஆசையாக இருக்கும். நாலு மாதம் அப்டேட் செய்யாமல் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் வெறும் கறுப்புத் திரை. படங்கள் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுப்பதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அதிலிருந்து நான் முதலில் பார்ப்பது, எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதைத்தான். ஃபெடோராவின் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம். உபுண்டுவின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 வருஷம், இடையில் வரும் மற்ற பதிப்புகளுக்கு 9 மாதம்தான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு முதல் 3 வருஷம், அப்புறம் எல்டிஎஸ் குழு வழியாக இன்னும் 2 வருஷம். உபுண்டு கை பழகியவர்கள் அதிலேயே இருங்கள், எல்டிஎஸ் தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் எனக்கு ஏன் டெபியன்? வாக்குக் கொடுப்பவர் யார் என்பதும் முக்கியம். ரெட் ஹேட் கம்பெனியின் கையில் இருந்த சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பித்தான் பலர் போட்டார்கள். 2021 முடிவோடு நிறுத்துகிறோம் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. டெபியன் 1993-இலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துவது. ஒரு கம்பெனி நினைத்தால் மூடிவிட முடியாது. ப்ராக்ஸ்மாக்ஸ், ஓபன்மீடியாவால்ட் மாதிரி சர்வருக்கென்றே இருக்கிற சிஸ்டங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பழைய மெஷின் 32 பிட் என்றால் டெபியன் 13-க்கு இன்ஸ்டாலரே கிடையாது.

இப்போது இன்ஸ்டால். என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்கும் இந்த ஒரு திரையில் மட்டும் நிதானமாக இருங்கள். டெஸ்க்டாப், க்னோம் இரண்டிலும் நட்சத்திரக் குறி இருக்கிறது பாருங்கள். சர்வருக்கு ஜன்னல், ஐகான் எல்லாம் தேவையில்லை, ஸ்பேஸ் பாரை அழுத்தி இரண்டையும் எடுத்துவிடுங்கள். கீழே எஸ்எஸ்ஹெச் சர்வரில் குறி வையுங்கள், வேறு கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ இதை இயக்க அதுதான் வழி. எல்லாம் முடிந்ததும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜைப் போட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்பு அப்டேட்டை அது தானாகவே பார்த்துக்கொள்ளும்.

லேப்டாப்பில் எனக்குப் பிடித்ததே பேட்டரிதான். கரண்ட் போனாலும் சர்வர் சட்டென்று அணையாது. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். கரண்ட் செலவுக்கும் பயப்பட வேண்டாம். 15 வாட் இழுத்தால் மாதத்துக்குச் சுமார் 11 யூனிட்.

கடைசியாக மூடி. மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். இதோ, மூடியை மூடினால் என்ன செய்வது என்பதைக் கவனிக்கிற லாகின்டி என்ற புரோகிராமின் செட்டிங் ஃபைலில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்ற வரி. முன்னால் இருக்கிற ஹேஷ் குறியை எடுத்துவிட்டு, மதிப்பை 'இக்னோர்' என்று மாற்றி, ஒரு ரீஸ்டார்ட்.

மூடுகிறேன். போனில் பாருங்கள், எஸ்எஸ்ஹெச் அப்படியே இருக்கிறது. அலமாரியில் ஏற்றிவிட்டு வருகிறேன், அடுத்த வீடியோவில் சம்பா.