ஆயர் கையில் பீரங்கி

நடுவர் அவர்களே, வணக்கம். பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்து ஆயராக இருந்த கிறிஸ்டோப் பெர்னார்ட் வான் காலன் மேய்ப்பரா, படைத்தலைவரா என்பது தலைப்பு. படைத்தலைவரே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். 1606இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு சிறு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா ஒரு கொலை வழக்கில் சிறைப்பட்டார், முப்பதாண்டுப் போர் சிதைத்துப்போட்ட நாட்டுக்கு 1650இல் ஆயரானார், வெக்டா ஊரில் உட்கார்ந்திருந்த ஸ்வீடன் படையை வெளியேற்றினார் என்றெல்லாம் அடுக்கினார். சரி, மறுக்கவில்லை. "அங்கே ஆயர்தான் அரசரும், படை இல்லாமல் எப்படி?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அந்தப் படை யார் மேல் பாய்ந்தது என்பதை மட்டும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

சொந்த ஊர் மேல்! மூன்ஸ்டர் நகரத்தார் தங்கள் உரிமைகளை விட்டுத்தர மாட்டோம் என்றார்கள். 1657இல் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தார். பணியவில்லை. மறுபடி முற்றுகையிட்டு 1661 மார்ச்சில் பணிய வைத்தார். அப்புறம் ஊரை ஒட்டியே ஒரு கோட்டை கட்டினார். ஊரைக் காக்க அல்ல, அடக்கி வைக்க. தமிழில் பிஷப்பை ஆயர் என்கிறோம், அதாவது ஆடு மாடு மேய்ப்பவர். பட்டியை நோக்கிப் பீரங்கியைத் திருப்பி வைத்த ஆயரை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா?

"விசுவாசத்துக்காகப் போரிட்டார்" என்றார் எதிரணிச் சகோதரி. அம்மா, 1665இல் டச்சுக்காரர் மேல் அவர் படையெடுத்தது யார் காசில்? இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் கொடுத்த காசில். கத்தோலிக்க ஆயர், ஒரு புராட்டஸ்டன்ட் நாட்டிடம் பணம் வாங்கி, இன்னொரு புராட்டஸ்டன்ட் நாட்டோடு மோதுகிறார். கூலிப்படைக்காரர் கணக்கு இது. ஜெபமாலை இதில் எங்கே வந்தது?

1672இல் பிரான்சின் அரசர் பதினான்காம் லூயியோடு சேர்ந்து டச்சுக்காரர் மேல் மறுபடி போனார். அவர்களுடைய க்ரோனிங்கன் நகரத்தை வளைத்துக்கொண்டு குண்டுகளாக வீசியதில், டச்சுக்காரர் அவருக்கு 'குண்டு பேரண்ட்', அதாவது 'குண்டு பெர்னார்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, நடுவர் அவர்களே! நகரம் விழவில்லை. ஆகஸ்ட் கடைசியில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

ஆகஸ்ட் 28 அந்த ஊரில் இன்றும் திருவிழா. வாணவேடிக்கை உண்டு. ஓர் ஆயர் ஊரை விட்டுப் போனதற்கு வாணவேடிக்கை! எதிரணி இதற்கு ஒரு பதில் சொல்லட்டும், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.