போர்ட்டர் வீட்டுக்காரி பேசுகிறேன்

(கோத்தகிரியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'இசைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்குப் பெற்றோர் ஊன்றுகோலா? மூக்கணாங்கயிறா?' ஊன்றுகோல் அணியில் கடைசியாகப் பேசியது.)

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, குல்லாவும் மப்ளருமாக வந்து உட்கார்ந்திருக்கும் கோத்தகிரிப் பெருமக்களே, வணக்கம். அவ்வளவுதான். பொன்னாடைக்கு நன்றி, டீக்கு நன்றி என்று ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்த பதினைந்து நிமிடத்தில் நாலு போய்விடும். நடுவர் இப்போதே மணியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

காரணங்கள் ஏழெட்டு எழுதிக்கொண்டு வந்தேன். இதோ, தாள். முதல் காரணம் இந்த ஊரே. கோத்தர் பழங்குடி மக்கள் வாழ்ந்ததால்தான் இது கோத்தகிரி. அவர்கள் வீட்டுப் பையன் கொம்பு ஊதவும் பறை கொட்டவும் எந்தக் கிரேடு எழுதிக் கற்றுக்கொண்டான்? அப்பனும் பாட்டனும் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று கற்றான். இப்படியே இரண்டு, மூன்று என்று போக இருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொன்னார். கேட்டதும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? "இந்தப் பெற்றோருக்கு ச-வும் தெரியாது, ரி-யும் தெரியாது. வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். அதற்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டரைப் பிடித்தால் போதாதா?" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். தேயிலை பேக்டரிக்கு இலை லாரி ஓட்டுகிறார். எங்கள் மகளின் வயலின் பெட்டியை எட்டு வருடம் தூக்கியவர். ஆகவே மக்களே, இனிமேல் போர்ட்டர் வீட்டுக்காரி பேசுகிறேன்.

தம்பி, அவருக்கு ச தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ரி தெரியாது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரியும். "அப்பா, வயலின் கிளாஸ்ல சேரட்டுமா?" சரி. "அப்பா, ஈ கம்பி அறுந்துபோச்சு." சரி. "அப்பா, சனிக்கிழமை கிளாஸ் ஊட்டியில." சரி. "அப்பா, பரீட்சைக்கு இவ்வளவு பீஸ்." இங்கே மட்டும் ஒரு ரெஸ்ட் விழும். வாசிக்காமல் சும்மா இருக்க வேண்டிய இடம் அது, நோட்ஸில் அதற்கென்றே தனிக் குறி உண்டு என்று மகள் சொல்வாள். அந்த ரெஸ்ட் முடிந்ததும், சரி.

மூன்றாம் கிரேடு நேர்த் தேர்வுக்குக் கோயம்புத்தூர் போனோம். பஸ்ஸில் எல்லாரும் பையை மேலே தூக்கி வைத்தார்கள். இவர் பெட்டியை மடியில் வைத்து, கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மகள் வளைவுக்கு ஒரு தடவை வாந்தி. அதற்கு ஒரு கவர், அதுவும் இவர் கையில்தான். கம்பியை முறுக்கும் பிருடை, இங்கே ஈரத்தில் இறுகிக் கிடந்தது, கீழே சமவெளியின் காய்ந்த காற்றில் வழுக்க ஆரம்பித்தது. எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தார். பிருடையில் தேய்த்துத் திருகச் சொன்னார். நின்றது. எந்த ஸ்டேஷன் போர்ட்டர் சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்திருக்கிறார்?

இன்னொன்று, மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் என்றீர்களே. அங்கே போர்ட்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீர்களா? இன்ஜினைப் பார்க்கவில்லையா? நம் மலை ரயிலுக்கு இன்ஜின் எங்கே மாட்டியிருக்கும்? (கூட்டத்தில் "பின்னால" என்ற குரல்.) பின்னால்! அந்த அண்ணனுக்கு ஒரு டீ சொல்லுங்கள். கல்லாறு தாண்டினால் குன்னூர் வரைக்கும் பல்சக்கரப் பாதை. பன்னிரண்டு அடி போவதற்குள் ஓர் அடி ஏற வேண்டிய இடங்கள் உண்டு. அந்த ஏற்றத்தில் இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. முதல் பெட்டியில் இருக்கிறவருக்குக் குகை தெரியும், பாலம் தெரியும், இன்ஜின் தெரியாது. சரி, இறங்கும்போது? அதே இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று, பெட்டிகள் உருண்டு ஓடிவிடாமல் தாங்கிக்கொண்டு வரும். மூக்கணாங்கயிற்றை எங்கே கட்டுவார்கள்? முன்னால், மூக்கில். குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல். இத்தனை வருடம் ரயில் ஓடிய மலையில் பிறந்துவிட்டு, இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் தம்பியை நான் என்ன சொல்ல.

இப்போது கதைக்கு வருகிறேன். நடுவர் அவர்களே, மணி அடிக்காதீர்கள். இந்தக் கதையிலும் ஒரு மணி வருகிறான், எங்கள் வீட்டு நாய். இரண்டு மணியும் சேர்ந்தால் தாங்காது.

தேர்வு வைப்பது ஏபிஆர்எஸ்எம் என்கிற லண்டன் அமைப்பு. 1889இல் தொடங்கியது. எட்டு கிரேடு. நேர்த் தேர்வு என்றால் மூன்று பாட்டு, ஸ்கேல்ஸ், இதுவரை பார்க்காத ஒரு நோட்ஸை அரை நிமிடம் பார்த்துவிட்டு வாசிப்பது, காதால் கேட்டுப் பதில் சொல்வது, எல்லாம் உண்டு. பெற்றோருக்கு வாசலோடு சரி. 2020இல் கொரோனா வந்ததும் இன்னொரு வகை கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே வாசித்து வீடியோ அனுப்பலாம். நாலு பாட்டு, ஒரே மூச்சில். நடுவில் நிறுத்தக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. பாட்டுக்கு முப்பது மார்க், மொத்த வாசிப்புக்கும் ஒரு முப்பது, ஆக 150. நூறு வாங்கினால் பாஸ். 120 மெரிட். 130 டிஸ்டிங்ஷன். இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். காரணம் பிறகு சொல்கிறேன்.

2021, ஐப்பசி. மகள் ஐந்தாம் கிரேடு. எங்கள் வீடு தகரக் கூரை. ஐப்பசி மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, வயலின் எங்கே கேட்கும்? மழை விடும் என்று ஒரு நாள் பார்த்தோம். இரண்டு நாள் பார்த்தோம். வீடியோ அனுப்பக் கடைசித் தேதி நெருங்குகிறது. நாலாவது நாள் லாரியிலிருந்து இறங்கும்போது இவர் தோளில் ஒரு கட்டு. பேக்டரியில் கழித்துப் போட்ட கோணிச் சாக்கு. ஏணியை வைத்தார். ரெயின்கோட்டோடு கூரை மேல் ஏறிவிட்டார்.

பின் வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். கொட்டுகிற மழையில், கூரை மேல் ஏறி, ஒவ்வொரு சாக்காக விரித்து, பறக்காமல் இருக்கச் செங்கல் வைத்து, கூரைக்குப் போர்வை போர்த்துகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்னண்ணே, கூரை ஒழுகுதா?" என்று கேட்டார். இவர் மேலேயிருந்து, "இல்லப்பா, பாப்பாவுக்குப் பரீட்சை" என்றார். ஜன்னல் சாத்திக்கொண்டது. மறுநாள் தெருவே என்னிடம் இவர் உடம்பைப் பற்றி விசாரித்தது.

மேலேயிருந்து கத்துகிறார்: "இப்போ கேக்குதா?" கீழே மகள், "இன்னும் கேக்குதுப்பா!" இன்னொரு சாக்கு. "இப்போ கேக்குதா?" "சமையக்கட்டுப் பக்கம் கேக்குதுப்பா!" சாக்கு தீர்ந்துவிட்டது. இறங்கி வந்தார், அவர் போர்த்திக்கொள்ளும் கம்பளியை எடுத்துக்கொண்டு போனார். "இப்போ?" "இல்லப்பா!"

பதிவு தொடங்கியது. முதல் தடவை, மூன்றாவது பாட்டில் பக்கத்து வீட்டுக் குக்கர். சும்மா இல்லை, நாலு விசில். வீடியோவில் அந்த விசிலைக் கேட்டுப் பார்த்தால் சுருதி கச்சிதமாக இருக்கிறது. இவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்ச நேரம் குழம்பு மட்டும் வைங்கம்மா" என்று கேட்டுவிட்டு வந்தார். இரண்டாம் தடவை, நாலாவது பாட்டு பாதி. தோட்டத்துக்குள் காட்டெருமை. நம் ஊரில் அது விருந்தாளி மாதிரி, எப்போது வரும் என்று சொல்லாது. மணி குரைத்தான் பாருங்கள்! மகள் வில்லைத் தாழ்த்திவிட்டு அழுதாள். மூன்றாம் தடவைக்கு இவர் மணியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய், வாயை லேசாகப் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். நாலு பாட்டும் முடிந்தது. கடைசி ஸ்வரம். வில் இன்னும் கம்பியை விட்டு எடுபடவில்லை. கொட்டகையிலிருந்து ஒரு தும்மல்.

நாய் தும்மியது என்று இன்றைக்கும் சாதிக்கிறார். மணி இப்போது உயிரோடு இல்லை, சாட்சி சொல்ல.

நாலாவது தடவை எடுத்ததுதான் லண்டனுக்குப் போனது. ரிசல்ட் 118. தம்பி, எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஒரு பாயிண்ட் இலவசமாகத் தருகிறேன். அந்த வீட்டில் மூக்கணாங்கயிறு ஒன்று இருந்தது. அது நான்தான். மெரிட்டுக்கு இரண்டு மார்க் குறைவு என்று இரண்டு நாள் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 120, 130 எல்லாம் எப்படி மனப்பாடம் என்று இப்போது தெரிகிறதா? ஸ்கூலில் இன்னொரு பிள்ளை 131 வாங்கியதும் எனக்கு மனப்பாடம்தான். இவர் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "118ஆ? எனக்கு லாரி லைசென்ஸே மூணாவது தடவைதான் கிடைச்சது" என்றார். மகள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நடுவர் கையைத் தூக்குகிறார். இரண்டே நிமிடம்.

"பிறகு ஆறாம் கிரேடு எழுதினாளா?" என்று எதிரணி கேட்கும். எழுதவில்லை. அதற்குமுன் ஐந்தாம் கிரேடு தியரி முடிக்க வேண்டும். புத்தகம் வாங்கினோம். பிளஸ் டூ வந்தது. வயலின் அலமாரி மேல் ஏறியது. இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படிக்கிறாள். படிப்புக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமே இல்லை. "பிறகு எதற்கு இத்தனை பாடு?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை தம்பி. அந்தப் பாயிண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஒன்பதரை இருக்கும். மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை. என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். அப்புறம் அப்பாவைக் கேட்டாள். "அப்பா, அங்க மழையா?" "ஆமா பாப்பா, நல்ல மழை." "போனைக் கொஞ்சம் மேல பிடிங்கப்பா. தகரத்துல விழுற சத்தம் கேக்கணும். இங்க எல்லாம் மாடிக் கட்டடம், மழை பெஞ்சாக்கூடத் தெரியறதில்ல."

இவர் போனைத் தூக்கிப் பிடித்தார். அவள், "ஒண்ணும் கேக்கலியேப்பா" என்றாள்.

இவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்கை இவர் எடுக்கவே இல்லை. ஆறாம் கிரேடுக்கு வேண்டியிருக்கும் என்று அப்படியே விட்டிருக்கிறார். எத்தனை மழை, எத்தனை பனி. தெருவில் அத்தனை பேரும் பார்த்த கூரையை நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"இரு பாப்பா, வச்சிடாத" என்று போனை என் கையில் கொடுத்தார். டார்ச்சை வாயில் கவ்வினார். வழுக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கத்துகிறேன். ஏணி ஏறிவிட்டார். பாதி மக்கிப் பாசி பிடித்த சாக்கு ஒவ்வொன்றாக முற்றத்தில் தொப்பென்று விழுகிறது. முதலில் சமையல்கட்டுப் பக்கம் சத்தம் திறந்தது. அப்புறம் நடு அறை. கடைசியாக அந்தக் கம்பளி. அது கம்பளியாகவே இல்லை, கையோடு பிய்ந்து வந்தது. வீடு முழுக்க மழை. நான் போனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த முனையில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கூரை மேலேயிருந்து குரல் வந்தது.

"இப்போ கேக்குதா?"

மணியை அடித்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.