ரீட்-ஒன்லி போட்டும் ஃபைல் அழியுதா? லினக்ஸ்ல நிஜமான பூட்டு இதுதான்!

வணக்கம் மக்களே! திரையை நல்லா பாருங்க. உபுண்டு லினக்ஸ், அதோட ஃபைல்ஸ் ஆப். 'வீட்டுப் பத்திரம்'னு ஒரு பிடிஎஃப் இருக்கு. இதை ரீட்-ஒன்லி ஆக்கிட்டேன். இனிமே சாதாரணமா இதுக்குள்ள ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. இப்ப டெலீட் கீயை அழுத்துறேன்... போயிடுச்சு! ஒரு கேள்விகூட கேக்கல.

நல்லவேளை, ட்ராஷ்ல கிடக்கு, எடுத்துக்கலாம். ஷிஃப்ட்-டெலீட்னா 'நிச்சயமா?'னு ஒரு தடவை கேக்கும். அவசரத்துல எண்டரைத் தட்டிட்டா கதை முடிஞ்சுது.

இது பிழை இல்லீங்க, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் காலத்துல இருந்தே இப்படித்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். ஃபைலோட பேரு ஃபைலுக்குள்ள கிடையாது, ஃபோல்டர்ல இருக்கு. ஃபோல்டர்ங்கறது ஒரு பட்டியல்: இந்தப் பேருக்கு இந்த ஐநோட் நம்பர், அவ்வளவுதான். ஐநோட்ங்கறது டிஸ்க்ல அந்த ஃபைலோட விவரத்தை வச்சிருக்கற பதிவு. டெலீட் பண்றதுன்னா அந்தப் பட்டியல்ல பேரை அடிக்கிறது. ரேஷன் கார்டுல ஒருத்தர் பேரை நீக்கணும்னா அவரு வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியதில்ல, கார்டைத் திருத்துற உரிமை இருந்தாப் போதும். அதே கதைதான். ஃபைலை ரீட்-ஒன்லின்னு பூட்டினாலும் பட்டியல் திறந்துதானே கிடக்கு!

இன்னொண்ணு கேளுங்க. ஒரே ஐநோட்டுக்கு ரெண்டு பேரு வைக்கலாம். அதுதான் ஹார்ட் லிங்க். ஒரு பேரை அழிச்சாலும் இன்னொரு பேர்ல ஃபைல் அப்படியே இருக்கும். கடைசிப் பேரும் போனாத்தான் அந்த இடம் காலியாகும். எவ்வளவு அழகான யோசனை பாருங்க! ஆனா உள்ள இருக்கறதை மாத்தினா ரெண்டு பேர்லயும் மாறிடும், அதனால இதை பேக்கப்னு நம்பிடாதீங்க.

சரி, பூட்டு எங்க போடணும்? ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், பெர்மிஷன்ஸ். ஓனருக்கு நேரா 'கிரியேட் அண்ட் டெலீட் ஃபைல்ஸ்'னு இருக்கும். டெலீட்ங்கற வார்த்தை ஃபோல்டர்கிட்டதான் இருக்கு, கவனிச்சீங்களா? அதை 'ஆக்சஸ் ஃபைல்ஸ்'னு மாத்துங்க. இப்ப உள்ள இருக்கற ஃபைலைத் திறக்கலாம், படிக்கலாம், அழிக்க முடியாது. உள்ள சப்-ஃபோல்டர் இருந்தா அதுக்குத் தனியா மாத்தணும்.

இதைவிடக் கெட்டியான பூட்டு வேணுமா? டெர்மினல்ல சுடோ (அட்மின் அதிகாரத்தோட ஓட்டுற கட்டளை) போட்டு, சி-ஹெச்-அட்டர் (chattr), பிளஸ் ஐ, ஃபைல் பேரு. ஐ-ன்னா இம்யூட்டபிள், அதாவது மாத்தவே முடியாதது. இப்ப எல்லா அதிகாரமும் இருக்கற ரூட் யூசரே வந்து அழிச்சாலும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்'தான். பேரு மாத்த முடியாது, திருத்த முடியாது, ஹார்ட் லிங்க்கூடப் போட முடியாது. எடுக்கணும்னா மைனஸ் ஐ. லினக்ஸோட இஎக்ஸ்டி4 ஃபார்மேட்ல இருக்கற டிஸ்க்ல அருமையா வேலை செய்யும். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் பென்டிரைவ்ல எதிர்பார்க்காதீங்க.

பத்திரம், மார்க்‌ஷீட், குடும்ப போட்டோ, இந்த மூணு ஃபோல்டருக்காவது இப்பவே வீடியோவை நிறுத்திட்டு இதைச் செஞ்சிருங்க. ஃபைல்ஸுக்குப் பதிலா டால்ஃபின், துனார் மாதிரி வேற ஃபைல் மேனேஜர் ஆப் யூஸ் பண்றவங்க, உங்க பெர்மிஷன்ஸ் பக்கம் எப்படி இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அதையும் ஒரு வீடியோவா போடுறேன்.