தகப்பன் ஓடிவந்த கதையில் மத்தியஸ்தர் எங்கே?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கிறிஸ்தவம் சொல்லும் மத்தியஸ்தரான இயேசு கிறிஸ்து கடவுளையும் மனிதனையும் இணைக்கிறாரா, குறுக்கே நிற்கிறாரா என்பது தலைப்பு. இணைக்கிறார் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனார். "கெட்ட குமாரன் உவமையில் சொத்தை அழித்த மகன் திரும்பி வருகிறான், தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். நடுவில் எந்தத் தரகரும் இல்லையே!" கைதட்டலும் வாங்கினார். வாங்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் அந்த உவமை எப்படி வந்தது என்று பாருங்கள். பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், சட்டத்தைக் கறாராகப் பின்பற்றிய யூதக் குழுவினரான பரிசேயர் இயேசுவைப் பற்றி முறுமுறுக்கிறார்கள்: "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்." அந்த முறுமுறுப்புக்குப் பதிலாகத்தான் இயேசு இந்தக் கதையைச் சொல்கிறார். ஏன் இவர்களோடு சாப்பிடுகிறீர் என்று கேட்டால், ஓடிவரும் தகப்பனைக் காட்டுகிறார். தகப்பனின் அந்த ஓட்டம்தான், நடுவர் அவர்களே, எங்கள் மத்தியஸ்தர். கதைக்குள் அவரைத் தேடினார்கள். அவர் கதை சொல்லிக்கொண்டு பாவிகளோடு பந்தியில் இருக்கிறார்!

சரி, தரகருக்கு வருவோம். தரகர் மூன்றாவது ஆள். இந்தப் பக்கமும் சேராதவர், அந்தப் பக்கமும் சேராதவர். கடவுளுக்குக் கீழே, நமக்கு மேலே, அப்படியொரு இடைப்பட்ட படைப்பாகத்தான் ஆரியு என்ற குரு கிறிஸ்துவைப் பார்த்தார். 325இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் அதை மறுத்தது. 451இல் கல்செதோன் சங்கம் இன்னும் தெளிவாகச் சொன்னது: அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், ஆனால் ஒரே ஆள். வெறும் தத்துவச் சண்டை என்று இதைத் தள்ளாதீர்கள். பழைய ஏற்பாட்டில், துன்பத்தில் கடவுளோடு வழக்காடிய யோபு கதறியது இதற்காகத்தான்: "எங்கள் இருவர்மேலும் தன் கையை வைக்கத்தக்க மத்தியஸ்தன் எங்களுக்குள் இல்லையே." இருவர்மேலும் கை வைக்க வேண்டுமென்றால் இருவருக்கும் சொந்தக்காரராக இருக்க வேண்டாமா? பாதிக் கடவுளால் அது ஆகுமா?

இஸ்ரவேல் மக்கள் பாவம் செய்தபோது அவர்களை வழிநடத்திய மோசேயும் கடவுளிடம் மன்றாடினார். மக்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பெயரைக் கிறுக்கிப்போடும் என்றார். எவ்வளவு பெரிய மனசு! ஆனாலும் பாவம் செய்தவன் பெயரையே கிறுக்குவேன் என்று பதில் வந்தது. மோசேயால் பரிந்து பேச முடிந்தது. அவர்கள் பாவத்தின் பாரத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கோபக்காரக் கடவுளைச் சமாதானப்படுத்த ஒரு ஆளா என்றும் கேட்டார்கள். இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் நேர்மாறாகச் சொல்கிறார்: கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் தேவனே. வழக்கமாகத் தப்பு செய்தவன்தான் ஆள் பிடிப்பான். இங்கே மனம் நொந்தவரே புறப்பட்டு வருகிறார்.

அப்புறம், மத்தியஸ்தர் இருந்தால் நேரடி ஜெபம் எதற்கு என்ற கேள்வி. அந்தக் காலத்து எருசலேம் ஆலயத்தில், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் தலைமைக் குருவான பிரதான ஆசாரியர் ஒருவர்தான் போக முடிந்தது, அதுவும் வருஷத்தில் ஒரே நாள், முதலில் தன் பாவத்துக்கே பலி கொடுத்துவிட்டு. இயேசு மரித்தபோது அந்தத் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது என்கிறார் மத்தேயு. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபமோ எல்லாரையும் கடவுளிடம் "தைரியமாய்" வரச் சொல்கிறது. குறுக்கே நிற்கிறவர் திரையைக் கிழிப்பாரா? அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.