அங்கோர் வாட்: வலம் வராமல் பார்க்க வேண்டிய கோயில்

அவையோருக்கு வணக்கம்.

கம்போடியா போகக் கிளம்புகிறவர்கள் எத்தனை நாள் வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கோயில் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று அதற்கு முன்னால் கேட்க வேண்டும். அங்கோர் வட்டாரத்துக் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு பார்த்தவை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. இதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டத்தால்தான் பலர் இருட்டடித்த படங்களோடு திரும்புகிறார்கள்.

விடிகாலை 5 மணிக்கே வடபுறக் குளக்கரையில் கூட்டம் கூடிவிடும். சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். கிடைப்பது கறுப்பு வடிவம்தான். அழகுதான், மறுக்கவில்லை. மார்ச் 21ஐ ஒட்டி நடுக்கோபுர உச்சியிலேயே சூரியன் எழுவதையும் பார்க்கலாம். ஆனால் மேற்கு முகப்பில் செதுக்கியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் உச்சிவெயில் சாய வேண்டும். ஆகவே காலையில் கிழக்கு பார்த்த கோயில்களான பாயோன், தா புரோம், பந்தேய் ஸ்ரேய். பிற்பகல் 2 மணிக்கு அங்கோர் வாட்.

உள்ளே போனதும் இன்னொரு சங்கதி. நமக்குக் கால் தானாக வலம் வரும். இங்கே அப்படிப் போனால் புடைப்புச் சிற்பங்களைக் கடைசியிலிருந்து படிப்பீர்கள். மேற்கு வாசலில் நுழைந்து வலக்கைப் பக்கம், அதாவது தெற்கே திரும்புங்கள். கருவறை எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்பிரதட்சணம் ஈமச்சடங்குக்கு உரியது. மேற்கோ மறைவின் திசை. இந்த இரண்டையும் வைத்து, இது அரசனின் நினைவுக்கோயிலாகவும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அந்த வரிசையில் முதலில் குருட்சேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மர். தெற்கில் திரும்பினால் சூரியவர்மனின் படை ஊர்வலம். அடுத்து எமலோகம்: 32 நரகங்கள், தண்டனை தண்டனையாக. கிழக்குச் சுவரில் பாற்கடல் கடைதல், ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர். வாசுகியின் தலைப்பக்கம் பல தலைகளோடு இராவணன் போன்ற உருவம், வால்பக்கம் அனுமன். நம் புராணத்தில் இருவருக்கும் அங்கே வேலையே இல்லை! கெமர், அதாவது கம்போடியச் சிற்பி சேர்த்துக்கொண்டிருக்கிறான். இந்தச் சுவருக்கு நேர் வெளிச்சம் வேண்டுமென்றால் இன்னொரு நாள் காலையில் கிழக்கு வாசல் வழியாக வாருங்கள். அங்கே கூட்டமும் குறைவு. அதற்கு வடக்கே உள்ள பகுதி 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியது, உளி தடித்திருக்கும், வேகமாகக் கடந்துவிடலாம். கடைசியில் இலங்கைப் போர். அனுமன் தோளில் நிற்கும் இராமனை அங்கே தேடுங்கள்.

கல்லில் வட்ட வட்டமாகத் துளைகள் தெரியும். துப்பாக்கிக் குண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவை கல்லைத் தூக்கவும் இழுக்கவும் போட்டவை. மணற்கல் குலேன் மலையிலிருந்து வந்தது, உள்ளே செம்புரைக்கல். வளைவைப் பூட்டி நிறுத்தும் நடுக்கல் கிடையாது. கல்லின்மேல் கல்லைச் சற்றே முன்தள்ளி அடுக்கிக் கூரை போட்டிருக்கிறார்கள். நடைகூடங்கள் குறுகலாக இருப்பது அதனால்தான். அடித்தளம் இறுகிய மணல்; நிலத்தடி ஈரம்தான் அதைத் தாங்குகிறது. பக்கத்திலுள்ள சியெம் ரீப் நகரில் ஆழ்குழாயால் நீர் உறிஞ்சுவதைக் கண்டு வல்லுநர்கள் கவலைப்படுவதும் அதனால்தான்.

இனி நடைமுறை. நுழைவுச்சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது. சியெம் ரீப்பிலுள்ள சீட்டு மையத்தில் நேரில் வாங்கினால் அங்கேயே உங்கள் முகத்தைப் படமெடுத்து அச்சிடுவார்கள். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம், அதை வாங்குங்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, வயதைக் காட்டக் கடவுச்சீட்டு வேண்டும். டாலர் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் கடைகளில் வாங்கமாட்டார்கள். இங்கிருந்தே நல்ல தாளாகப் பார்த்து எடுத்துப் போங்கள். ஏப்ரலில் வெயில் வாட்டும், மே முதல் அக்டோபர் வரை மழை; நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கத் தோதான காலம்.

உச்சித் தளத்துக்கு பாகான் என்று பெயர். செங்குத்தான பழைய கற்படிமேல் மரப்படி போட்டிருக்கிறார்கள். ஒரு நேரத்தில் சுமார் 100 பேர்தான் மேலே. மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். பிற்பகலில் போகிறவர்கள் முதலில் மேலே ஏறி இறங்கிவிட்டுப் பிறகு சிற்பச் சுவருக்கு வாருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டால் ஏற்பதில்லை. பௌத்தப் புனித நாட்களில் பாகான் மூடியிருக்கும். அவை வளர்பிறை, தேய்பிறை அஷ்டமிகள், பௌர்ணமி, அமாவாசை. வீட்டு நாள்காட்டியிலேயே பார்த்துவிடலாம். ஒருநாள் முன்பின்னாக இருக்கலாம், அதற்கும் இடம்விட்டுச் சீட்டுப் போடுங்கள்.