தளும்பி நிற்கும் டம்ளர்

(முதியோர் இல்லப் பணியாளர்களிடையே ஆற்றிய உரை)

சகோதரிகளே, சகோதரர்களே,

காலையில் கட்டிலருகே வைத்த டம்ளர் மாலையிலும் தளும்பி நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நீரின் மேல் தூசி மிதக்கும். நோட்டிலோ "தண்ணீர் கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருப்போம். எட்டாத இடத்தில் வைத்ததைக் கொடுத்ததாக எழுத நமக்கு எப்படி மனம் வருகிறது?

வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது; நீரைப் பிடித்துவைக்கும் திறன் சிறுநீரகத்துக்கும் குறைகிறது. உடம்பு வற்றும்போதும் "தாகமில்லை" என்பார் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆகவே, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். கையில் கொடுத்துவிட்டு, அவர் குடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.

பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானம் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்கள் முதியோருக்குச் சொல்லும் அளவு. நம் 200 மில்லி டம்ளரில் எட்டு, பத்து. மோர், கஞ்சி, காபி எல்லாமே கணக்கில் சேரும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவுதான்.

உடம்பு வற்றியிருக்கிறதா என்பதைத் தோலைக் கிள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதுமையில் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பினால், உடனே மருத்துவரை அழையுங்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெயிலில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். நமக்கோ ஆண்டுதோறும் கத்திரி வெயில்.

நான் செவிலியாக இருந்த ஓர் இல்லத்தில் ஒரு பாட்டி, மாலை ஐந்து மணிக்குமேல் ஒரு சொட்டும் குடிக்க மாட்டார். கெஞ்சினோம், வெட்கத்தோடு சொல்கிறேன், அதட்டவும் செய்தோம். ஒருநாள் கால் அமுக்கிவிடும்போது மெல்லச் சொன்னார்: "குடித்தால் ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே, அம்மா. அந்தப் பெண் அலுத்துப்போய்த் தூங்குகிறாள். எப்படி எழுப்புவேன்? படுக்கை நனைந்துவிட்டால் என்ன நினைப்பாள்?"

அவர் தாகத்தை அடக்கிக்கொண்டது நம் முகச்சுளிப்புக்குப் பயந்து! அன்றே கட்டிலருகே கழிப்பறை நாற்காலி போட்டோம். இரவுப் பணியிலிருந்த பெண், கூப்பிடக் காத்திராமல் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் தானே போய்க் கைகொடுத்து எழுப்பினாள். நான்காம் நாள் மாலை மோர் கொண்டுபோனேன். பாட்டி முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"உப்பு கொஞ்சம் குறைச்சல்" என்றார்.