பதினொரு கிராம் உயிர்

வணக்கம். இந்தக் குளிரிலும் ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஒரே ஒரு குருவியைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். சிக்கடி.

கறுப்புத் தொப்பி, கறுப்புத் தாடி, வெள்ளைக் கன்னம். எடை 11 கிராம் அளவில்தான். என் பின்வளவில் தொங்கும் தீனிக்கூட்டுக்கு வரும், ஒரு சூரியகாந்தி விதையை எடுக்கும், உடனே பறந்துவிடும். பக்கத்துக் கிளையில் இரண்டு காலாலும் விதையை அழுத்திப் பிடித்து அலகால் கொத்தி உடைக்கும். கண்ணாடி மூடியிருப்பதால் சத்தம் கேட்காது. தலை ஆடுவது மட்டும் தெரியும். தின்றது போக, மிச்சத்தை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்து வைக்கும். வாரக்கணக்கில் இடம் மறக்காது.

இரவில்? உடல் வெப்பத்தைப் பத்துப் பாகை வரை இறக்கிக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பை நடுங்கி நடுங்கி எரிக்கும். விடியும்போது அநேகமாக எல்லாம் தீர்ந்திருக்கும்.

‘நாம் தீனி போட்டால் அதுகள் சோம்பேறியாகிவிடாதா?’ என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தீனி கிடைத்த சிக்கடிகளில் 69 வீதம் குளிர்காலத்தைத் தாண்டின. கிடைக்காதவற்றில் 37 வீதம்தான். ஆனால் அந்த வித்தியாசம் கடுங்குளிர் மாதங்களில் மட்டுமே. மற்ற நாட்களில் அவை தாமே தேடித் தின்று பிழைக்கும். நம் கை தேவைப்படுவது அந்தச் சில நாட்களுக்குத்தான். அன்று தீனிக்கூடு வெறுமையாக இருக்கக் கூடாது.

அப்புறம், தீனிக்கூட்டைக் கழுவுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஒரு வருடம் நான் கழுவாமல் விட்டேன். கண் வீங்கி மூடிய ஒரு ஃபின்ச் குருவி தட்டிலேயே உட்கார்ந்திருந்தது, கிட்டப் போயும் பறக்கவில்லை. பல பறவைகள் ஒரே தட்டில் மோதினால் நோய் தொற்றும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அலசி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

சரி, பார்ப்பதை எழுதியும் வையுங்கள். தீனிக்கூட்டுப் பறவைகளை வீட்டிலிருந்தே எண்ணும் ‘புராஜெக்ட் ஃபீடர்வாட்ச்’ 1976இல் நம் ஒன்ராறியோவில்தான், லாங் பொயின்ற்றில் தொடங்கியது. பிறகு கோர்னெல் பறவையியல் கூடம் சேர்ந்து கண்டம் முழுக்கப் பரவியது. விதி சுலபம்: ஒரே சிக்கடி இருபது தடவை வந்தாலும் ஒன்றுதான். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட ஆகக் கூடிய எண்ணிக்கையை எழுத வேண்டும். போன சனிக்கிழமை என் கொப்பியில்: சிக்கடி 4, ஜுங்கோ 9, கார்டினல் 2.